ஒன்பதாவது வரி

ஜனவரி 11

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். இங்கு நான் சுகமாக இருக்கிறேன். வலது முழங்கால் மட்டும் காலையில் கொஞ்ச நேரம் ஒத்துழைக்க மறுக்கிறது. பிறகு மனம் மாறிவிடுகிறது. உன் இருமல் நின்றதா? செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரக் காலோடு நிற்காதே.

போனில் நீ கேட்டதற்கு இதில் பதில் எழுதுகிறேன். போனில் நாம் இருவரும் 'சரி, சரி' என்றே சொல்லி வைத்துவிடுகிறோம். எனக்குக் காதும் மந்தம், தைரியமும் மந்தம். கடிதம் என்றால் ஒருமுறை திருத்திவிட்டு அனுப்பலாம்.

நீ சொன்னபடி பழைய இரும்பு வாங்குபவரை வரவழைத்தேன். ஷெட்டைத் திறந்து பிக்கப் வண்டி மேலிருந்த தார்ப்பாயை விலக்கினேன். அவன் போன பிறகு அன்றுதான் முதல் முறை. இரண்டு வருடத் தூசி. இரும்புக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், கதவைத் தட்டிப் பார்த்தார். "எடைக்குத்தான் போகும் பெரியவரே. வயசு முப்பத்தஞ்சு இருக்குமா?" என்றார். முப்பத்தேழு என்றேன். துக்கம் விசாரிக்க வந்தவர்போலத் தலையாட்டினார். உள்ளே சாமான் ஏதும் இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

டாஷ்போர்டுப் பெட்டியில் ஒரு டார்ச், ஒரு அழுக்குத் துணி, தச்சர்கள் காதில் செருகிக்கொள்ளும் தடித்த பென்சில் ஒன்று, நான்காக மடித்த பழுப்புக் காகிதம் ஒன்று. காகிதத்தில் அவன் கையெழுத்து. 'செய்ய வேண்டியவை' என்று தலைப்பு, தலைப்புக்கு அடிக்கோடு. என் மகன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இரும்புக்காரரை நாளைக்கு வரச் சொன்னேன். "புரியுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவர் வரவில்லை. புரிந்துதான் இருக்கிறது.

காகிதம் மடிப்பில் கிழியும் நிலையில் இருந்ததால் அங்கேயே, ஷெட்டின் வெளிச்சத்திலேயே, ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். உனக்கும் எழுதுகிறேன்:

1. தரைத் தகடு துரு. வெட்டி எடுத்துப் புதுசு.
2. கார்புரேட்டர் கழுவ.
3. பிளாட்டினம் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன்.
4. டைனமோ போய் ஆல்டர்நேட்டர்.
5. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்.
6. பவர் ஸ்டியரிங். அவளும் ஓட்டணும்.
7. ஹெட்லைட் புதுசு.
8. சீட் பெல்ட்.
10. பின் தொட்டிக்குப் பலகை.
11. வைப்பர் மோட்டார்.
12. பெயின்ட். நிறம் அவளைக் கேட்க.

நீ வேலை பார்க்கும் செடிப் பண்ணையில் பூந்தொட்டிகளை ஏற்றிப் போக வாடகை வண்டிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றாய். இதையெல்லாம் முடித்துக் கொடுத்தால் உனக்கு உபயோகப்படுமா? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நாற்பத்தொரு வருடம் அச்சகத்தில் உட்கார்ந்து பிறர் எழுதியதில் பிழை திருத்தியவன். இரும்பில் பிழை திருத்த முடியுமா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. சொத்து மேலிருந்து கீழே இறங்கும் என்பார்கள். நம் வீட்டில் மகனிடமிருந்து அப்பனுக்கு ஏறி வந்திருக்கிறது. அதை எடைக்குப் போட மனம் வரவில்லை. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

இந்த வண்டியை அவன் வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று நீ உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாய். தெருவில் எல்லோரும் ஏறிப் பார்த்தார்கள். எனக்கு அன்று வேறு வேலை இருந்தது.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
மாமா

பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இருமல் என்னை விட்டு மேலாளரைப் பிடித்துக்கொண்டது. நான் வாங்கி வைத்துவிட்டு வந்த தைலம் மூடி திறக்காமல் அப்படியே இருக்கும் என்று தெரியும். திறக்கவும். முழங்காலுக்குத்தான், அலமாரிக்கு அல்ல.

உங்கள் கடிதத்தை நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே பிரித்தேன். ஆறாவது வரியில் "அவளும் ஓட்டணும்" என்று வந்ததும் கையிலிருந்த பைப்பை மறந்துவிட்டேன். ஒரு வரிசை நாற்று மிதந்தது. இங்கே மண்கலவை போடுகிறவர் ஓடி வந்து குழாயை மூடினார். திட்டவில்லை. அவர் மண்ணைத் தவிர யாரையும் திட்டுவதில்லை.

செய்யுங்கள் மாமா. விற்கச் சொன்னது வண்டி வேண்டாம் என்றல்ல. அந்த ஷெட்டை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. நீங்கள் திறந்துவிட்டீர்கள். அதுவே பெரிய காரியம்.

ஒரு விஷயம். வண்டி இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. வாரிசு நாம் இரண்டு பேர். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் என் பெயருக்கு மாறும் என்றார்கள். படிவம் வைத்திருக்கிறேன். அவசரமில்லை, வண்டி முடிந்ததும் அனுப்பினால் போதும்.

நிறம் யோசித்துச் சொல்கிறேன்.

பிறகு, எட்டுக்கு அடுத்து பத்து வருகிறதே? பிழை திருத்துகிறவர் கடிதத்தில் பிழையா? ஒன்பது எங்கே?

இரவில் சீக்கிரம் படுங்கள்.

மருமகள்

பிப்ரவரி 20

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். தைலத்தைத் திறந்துவிட்டேன். மூடிதான் இப்போது கிடைக்கவில்லை. உங்கள் மேலாளருக்குக் குணமாகட்டும்.

அடுத்த தெரு மெக்கானிக்கைப் பிடித்திருக்கிறேன். ஊரில் அவருக்கு 'முக்கால்' என்று பெயர். எந்த வண்டியைப் பற்றி எப்போது கேட்டாலும் "முக்கால்வாசி முடிஞ்சுது" என்பாராம். நம் வண்டியின் தார்ப்பாயை எடுப்பதற்கு முன்பே என்னிடமும் அப்படித்தான் சொன்னார். ஆனால் கை சுத்தம். தரைத் தகட்டை வெட்டி எடுத்தபோது துருத் துகள்களைத் தானே பெருக்கி அள்ளினார்.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் உட்காருவோம். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சான தாளில் சரிபார்த்து, சரியாக இருந்தால் 'ஆச்சு' என்பார். கால்புள்ளியைக்கூட 'கால்புள்ளி' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வேலை கொண்டுவரும் நாட்களில் அவன்தான் எனக்கு மூலம் படிப்பான். பள்ளியில் படித்த காலம். கால்புள்ளி வரும்போது மட்டும் குரலை உயர்த்திச் சிரிப்பான். என் திருத்தக் குறிகள் எல்லாம் அவனுக்குத் தெரியும்.

அதே முறையைத்தான் இங்கேயும் வைத்திருக்கிறேன். நான் வரியைப் படிக்கிறேன். முக்கால் வண்டிக்கு அடியிலிருந்து "ஆச்சு" என்கிறார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி உறையில் போட்டு, எங்கே இருந்தது என்று மேலே எழுதிவைக்கிறேன். நூற்று எண்பத்தாறு உறை ஆகியிருக்கிறது. "நட்டுக்கெல்லாம் பேர் எழுதி வெச்சா தொலைக்கவே முடியாதே சார், எங்க தொழில் எப்படி நடக்கும்?" என்கிறார்.

மூன்றாவது வரி வரை ஆச்சு. புது இக்னிஷன் பெட்டி தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. இத்தனை வருடம் அந்த இரும்பெல்லாம் எதற்கு என்று தோன்றியது. முதியவர்களைப் பற்றியும் அப்படித் தோன்றலாம்.

ஒன்பதாவது வரியை அவனே அடித்துவிட்டிருக்கிறான். அடித்ததை அச்சில் ஏற்றுவதில்லை. எண்ணை மட்டும் மாற்றவில்லை. மூலத்தின் எண் மூலத்தில் உள்ளபடியே வர வேண்டும்.

மழைக்கு முன் உன் அறையின் ஜன்னலைச் சரிசெய்யச் சொல்.

அன்புடன்,
மாமா

மார்ச் 29

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தால் வேறு ஏதோ வந்துவிடுகிறது.

ஜன்னலை வீட்டுக்காரர் சரிசெய்யவில்லை. மண்காரர்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு ஆணியில் முடித்துவிட்டார். மண்கலவை போடுகிறவர் என்று எழுதினேனே, அவரைத்தான் எல்லோரும் இப்படிக் கூப்பிடுகிறோம். முன்பு லாரி ஓட்டியவராம். வண்டியைப் பற்றிச் சொன்னேன். பாரம் ஏற்றுகிற வண்டிக்கு முன்னால் டிஸ்க் பிரேக் போடுவது நல்ல யோசனை, யார் எழுதியது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் மண்ணைச் சலித்துவிட்டு, "நல்லா யோசிச்ச மனுஷன்" என்றார்.

முடிந்ததும் வண்டியை இங்கே ஓட்டி வர மண்காரர் வருகிறேன் என்கிறார். எனக்கு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லை. உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும்.

படிவம் வந்து சேர்ந்ததா? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

வெயில் ஏறுகிறது. ஷெட்டில் ஃபேன் வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகள்

ஏப்ரல் 4

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். உன் கடிதம் நேற்று வந்தது. உடனே எழுதுகிறேன். ஃபேன் வைத்தாயிற்று. ஜன்னல் மூடுவதில் சந்தோஷம்.

எட்டாவது வரி நீங்கலாக எல்லாம் நடக்கிறது. ஆல்டர்நேட்டர் ஆச்சு. பிரேக் ஆச்சு. பின் தொட்டிக்குப் பலகை அடித்தாகிவிட்டது. பூந்தொட்டிகள் உருளாமல் இருக்கக் குறுக்குச் சட்டமும் வைத்தோம். ஆனால் பார்க்கப் பார்க்க, பட்டியலில் இல்லாத சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி சிறியது. கதவின் ரப்பர் காய்ந்திருக்கிறது. ஆகையால் பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரை நானே சேர்த்திருக்கிறேன். இதில் ஹார்ன்தான் மூன்று வாரமாக இழுத்தடிக்கிறது. நான்கு வகை மாற்றிப் பார்த்துவிட்டோம். எல்லாம் கொஞ்சம் அதட்டலாக இருக்கின்றன. முக்காலிடம் சொன்னால், "ஹார்ன்னா அதட்டத்தான் சார் செய்யும். மன்னிச்சுக்கோங்கன்னு சொல்ற ஹார்ன் இன்னும் மார்க்கெட்டுக்கு வரல" என்கிறார். நேற்று இன்னொன்றும் சொன்னார். பட்டியலில் இருபதாவது எழுத நான் பேனாவைத் திறந்தபோது, "சார், வண்டி ரெடியாயிட்டே வருது. நீங்கதான் ரெடியா இல்ல" என்றார். அவர் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவர் வராத நாட்களில் ஷெட்டில் நாற்காலி போட்டு, வரியை நானே படித்து நானே 'ஆச்சு' சொல்லிக்கொள்கிறேன். இது சரியான முறை அல்ல. ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்த்தால் பிழை தப்பிவிடும் என்று அச்சகத்தில் சொல்வார்கள்.

உன் கடிதத்தில் மண்காரர் ஆறு இடங்களில் வருகிறார். தொழில் பழக்கத்தில் எண்ணிவிட்டேன். பிழை என்று சொல்லவில்லை.

நிறம் இன்னும் நீ சொல்லவில்லை.

அன்புடன்,
மாமா

மே 17

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். என் முறை இல்லாமலே எழுதுவதற்கு மன்னிக்கவும்.

செவ்வாய்க்கிழமை எஞ்சின் ஓடியது. முக்கால் சாவியைத் திருப்பினார்; இரண்டு முறை செருமியது, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. முதலில் புகை, பிறகு சீரான சத்தம். பக்கத்து வீட்டு ஆசிரியை மதில் மேல் எட்டிப் பார்த்து, "உங்க பையன் வண்டியா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. தோன்றியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. "ஏறுங்க சார், தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்று முக்கால் கதவைத் திறந்தார். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரிக் கடிதத்தில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். வண்டி வந்த அன்று எனக்கு வேறு வேலை இருந்தது என்று எழுதியிருந்தேன். இருக்கவில்லை.

உங்கள் இருவருக்கும் செடிப் பண்ணை வைக்கும் திட்டம் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் அவன் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டான் என்பதை அன்றுதான் சொன்னான், வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டே. "வாங்கப்பா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்றான். தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் குரல் உயர்த்தியவன் இல்லை, உனக்குத் தெரியும். அன்று உயர்த்தினேன். "இந்தத் தகரத்துக்கா வேலைய விட்ட? இவ்வளவு உயரத்துல என்னால ஏற முடியாது" என்றேன். மறுநாள் காலையில் அவன், "உயரம்தான் பிரச்சனைன்னா ஒரு படி வெச்சிடறேம்பா" என்றான். "படி வெச்சாலும் நான் ஏற மாட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. அவன் சிரித்தான், நானும் பேசினேன். வண்டிப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. ஐந்தாவது வாரம் காய்ச்சல் என்று படுத்தான். மற்றது நீ பக்கத்தில் இருந்து பார்த்தது.

ஒன்பதாவது வரி எங்கே என்று கேட்டாய். 'அப்பா ஏற ஒரு படி' என்பதுதான் அது. பேனாவால் நீளமாக ஒரே கோடு போட்டு அடித்திருக்கிறான். நியாயம்தான்.

இதை உனக்கு எழுதியிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. கிழித்துவிட்டு வேறு எழுதலாம். இது ஏற்கெனவே மூன்றாவது தாள்.

அன்புடன்,
மாமா

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம்.

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். உங்களை நான் ஒன்றும் நினைக்கவில்லை. அவரும் நினைத்திருக்க மாட்டார். ஆனால் அது நானாகச் சொல்வது, அவர் சொன்னதல்ல. அதனால் உங்களுக்குப் போதாது என்றும் தெரியும்.

நானும் உங்களுக்கு ஒன்று எழுத வேண்டும். இரண்டு மாதமாக எழுதிக் கிழிக்கிறேன். நேரில் சொல்லலாம் என்றால் வாய் வராது. எழுதலாம் என்றால், உங்கள் வீட்டு விலாசத்தை எழுதியதும் கை நின்றுவிடுகிறது. தப்பாக எதுவும் இல்லை. பயப்படாதீர்கள்.

மண்காரர் உங்கள் முழங்காலை விசாரித்தார்.

அந்த மூலக் காகிதத்தை எனக்கு அனுப்ப முடியுமா? அவர் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

மருமகள்

ஜூன் 16

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். இத்துடன் மூன்று தாள்கள் இருக்கின்றன. ஒன்று, மூலப் பட்டியல். திருப்பி அனுப்ப வேண்டாம், அது உன்னுடையது. இரண்டு, நான் கையெழுத்திட்ட படிவம். பிப்ரவரியிலேயே வந்துவிட்டது; மேசை இழுப்பறையில் இருந்தது. போட்டுக் கொடுத்தால் வண்டி முடிந்துவிடும், வண்டி முடிந்தால் நாம் இருவரும் எதைப் பற்றி எழுதிக்கொள்வது என்று ஒரு அற்ப யோசனை. மன்னித்துவிடு. மூன்று, இந்தக் கடிதம்.

பெயின்ட் தவிர எல்லாம் ஆச்சு. ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். எட்டாவது வரியைக் கடைசிவரை தள்ளி வைத்ததற்கு அதுதான் காரணம். முன்னால் தனித்தனியாக இருந்த இரண்டு சீட்டையும் எடுத்துவிட்டு, கதவுக்குக் கதவு ஒரே நீள சீட்டாகப் போடச் சொன்னேன். மூன்று பெல்ட். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். முக்கால், "யார் யாரு சார்?" என்று கேட்டார். பிழை திருத்துகிறவன் கதையின் முடிவைக் கேட்கக் கூடாது என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும் என்று நம்புகிறேன். நீ எழுதிக் கிழித்ததைத் திரும்பவும் எழுதிச் சிரமப்பட வேண்டாம். நான் படித்துவிட்டதாக வைத்துக்கொள்.

மண்காரர் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம். சாவி முக்காலிடம் இருக்கும். அன்று எனக்கு வெளியே ஒரு வேலை இருக்கும்.

நிறம் சொல்லிவிடு. பிறகு உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அன்புடன்,
மாமா

ஜூலை 5

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? நலம் என்று எழுதாமலே போன கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். கவனித்தேன்.

நீள சீட்டைப் பற்றிப் படித்துவிட்டு, மண்மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். நல்ல அழுகைதான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. நீங்கள்தான் படித்துவிட்டீர்களே.

இப்போது வேறு ஒன்று. பட்டியலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வரியை அடித்திருக்கிறார், சரி. அந்த வரிக்கு அடியில் புள்ளிகள் இருக்கின்றனவே, அது என்ன? 'அப்பா ஏற ஒரு படி' என்ற நான்கு சொல்லுக்கும் கீழே ஒவ்வொன்றாக நான்கு புள்ளி. பேனா இல்லை, பென்சில். காகிதமும் பழுப்பு, பென்சிலும் மங்கல்; சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. மண்காரரும் பார்த்தார். அழுக்கு இல்லை, அழுத்தி வைத்த புள்ளி, விரலில் தட்டுப்படுகிறது என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் எனக்கு எழுதிய ஒரு கடிதத்திலும் இப்படித்தான் இருந்தது. 'உன் ஞாபகமாகவே இருக்கிறேன்' என்று எழுதி, வெட்கப்பட்டு அடித்துவிட்டு, அடியில் புள்ளி வைத்திருந்தார். "அடிச்சிட்டு ஏன் புள்ளி வெச்சீங்க?" என்று கேட்டேன். "அது எங்கப்பா கத்துக்கொடுத்தது. அவரையே கேளு" என்று சிரித்தார். கேட்க வெட்கமாக இருந்தது. இப்போது கேட்கிறேன்.

நிறம் மஞ்சள். தெருக்கோடியில் வரும்போதே தெரிய வேண்டும். ஜனவரியிலேயே முடிவு செய்ததுதான். ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். ஒரு ஹார்னுக்கு ஏன் மூன்று வாரம் என்று நான் கேட்டேனா?

மருமகள்

ஜூலை 10

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். நான் நலம். இந்த முறை உண்மையாகவே.

அச்சகத்தில் ஒரு சொல்லை அவசரப்பட்டு அடித்துவிட்டால், அழித்து எழுத மாட்டோம். அடித்ததன் அடியில் புள்ளி வைப்போம். 'அடித்தது தவறு; இது அப்படியே இருக்கட்டும்' என்று பொருள். கோடு எவ்வளவு அழுத்தமாக இருந்தாலும், கீழே புள்ளி இருந்தால் அச்சுக் கோப்பவர் அந்தச் சொல்லைச் சேர்த்தே ஆக வேண்டும். இதை அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தபோது அவனுக்கு ஒன்பது வயது.

ஷெட்டின் வெளிச்சத்தில் நகல் எடுத்தேன் என்று எழுதியிருந்தேன். அந்த வரியில் கோட்டைப் பார்த்ததும் கண்ணை எடுத்துவிட்டேன். பிறகு ஆறு மாதம் நகலை வைத்தே வேலை செய்தேன். மற்ற வரிகளை எல்லாம் மூலத்தோடு இரண்டு முறை ஒப்பிட்டவன், அந்த ஒரு வரியை மட்டும் ஒப்பிடவில்லை. நாற்பத்தொரு வருட வேலையில் என்மேல் புகார் வந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது, நான்கு புள்ளிகளாக.

பேனாவால் அடித்தது நான் பேசிய அன்றாக இருக்கும். பென்சில், வண்டிப் பெட்டியில் இருந்த அந்தத் தச்சுப் பென்சில். எந்த நாளில் வைத்தான் என்று தெரியவில்லை. வைத்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பான். என் தொழிலே அதுதானே.

உன் கடிதத்தைப் படித்ததும் முக்காலிடம் போனேன். மஞ்சளுக்கு முன்னால் இன்னும் ஒரு வேலை பாக்கி என்றேன். "இருபதாவதா சார்?" என்றார். ஒன்பதாவது என்றேன். வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஓட்டுபவருக்கு மறுபக்கக் கதவுக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வழுக்காத இரும்புப் பலகை வைத்திருக்கிறோம். சூடு ஆறியதும் நான் வரியைப் படித்தேன். "அப்பா ஏற ஒரு படி." அவர், "நீங்க ஏறினாத்தான் சார் ஆச்சு சொல்லுவேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வலது காலை வைத்தேன். பிறகு இடது கால். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அவர் "ஆச்சு" என்று சொன்னது கண்ணாடிக்கு வெளியிலிருந்து கேட்டது.

மூன்று பெல்ட் என்று போன கடிதத்தில் எழுதியபோது என்னைச் சேர்க்கவில்லை. ஓட்டுகிறவர் ஒருவர், நீ ஒருத்தி. ஓர இடம் இனிமேல்தான் வர வேண்டிய ஒரு சின்ன ஆளுக்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்த ஆள் வந்து சேரும் வரைக்கும் அந்த இடத்தில் நான் உட்காரலாமா? உங்களுக்கு இடைஞ்சல் இல்லை என்றால், தெருக்கோடி வரைக்குமாவது.

பெயின்ட் காய ஐந்து நாள் ஆகும். அதற்குப் பிறகு இருவரும் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். சாவியை முக்காலிடமிருந்து வாங்கி வைத்துவிட்டேன்.

நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா